குளிசையை விழுங்கு முன்னும் பின்னும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று மருந்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். சமயச் சொற்பொழிவு என்று எண்ணி வந்த பெரியோர் சிலர் சற்று ஏமாற்றமடைந்திருக்கலாம். அவர்கள் பொறுத்தருள வேண்டும். வைத்தியசாலைகளில் மருந்து கொடுக்கும் சாளரத்துக்கு உட்புறம் நின்றே என் உத்தியோக காலம் கழிந்தது. சாளரத்துக்கு வெளியே நிற்பவர், கொடுத்த மருந்தை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்கிறார் என்பது உள்ளே நிற்பவனுக்குத் தெரிவதில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகுதான் அயலவர் மூலம் அதை அறிந்துகொண்டேன். அறிந்ததில் ஒரு பகுதியை இங்கே சொல்லப் போகின்றேன்.

பெரும்போகத்துக்கு வயல் உழும் நாட்கள் வந்தால் எலிக்காய்ச்சலும் உடன் வரும். எலியின் சிறுநீரிலுள்ள நுண்கிருமி சேற்று நீரில் கலந்து, காலிலோ கையிலோ உள்ள சிறு வெடிப்பு வழியாக உடம்பினுட் புகுகின்றது. புகுந்த பின் சிறுநீரகம், ஈரல், சுவாசப்பை ஆகியவற்றைத் தாக்குகின்றது. 2008 ஆம் ஆண்டில் இந்நோய் இலங்கையில் பெருவாரியாகப் பரவியதை மறந்திருக்க மாட்டீர்கள். நாடெங்கும் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் என்று அறிவிக்கப்பட்டது. இறந்தோர் தொகை இருநூறுக்கு மேல். மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் நம் மாத்தளையும் ஒன்று. வயற்காரருக்கு மட்டும் உரிய நோய் இது என்று எண்ண வேண்டாம். தோட்டத்தில் வேலை குறைந்த நாட்களில் வயற் கூலிக்குப் போகும் நம் வாலிபர்களும், எலஹெரப் பக்கம் மாணிக்கக் குழியில் இடுப்பளவு சேற்றில் நிற்பவர்களும், மரக்கறித் தோட்டத்துக்கு நீர் கட்டுபவர்களும் இதே சேற்றைத்தான் மிதிக்கிறார்கள்.

இந்நோய் வராமற் காப்பதற்காக, சேற்றில் இறங்குவோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் காரியாலயமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் டொக்சிசைக்கிளின் என்னும் குளிசையை இலவசமாகக் கொடுக்கிறார்கள். வழக்கமான அளவு வாரத்துக்கு ஒரு முறை 200 மில்லிகிராம். அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. இவ்வளவு எளிதான காரியம். ஆனால் நடப்பது என்ன? முதல் வாரம் விழுங்குகிறார்கள். நெஞ்சு எரிகிறது, குமட்டுகிறது. இரண்டாம் வாரம் அந்த உறை கூரைச் சலாகையில் செருகப்படுகின்றது. மூன்றாம் வாரம் பரிசோதகர் வந்து கேட்டால் “குடித்தேன் ஐயா” என்ற பதில் வருகின்றது. குளிசை சலாகையில் இருக்க மனிதன் சேற்றில் நிற்கிறான்.

இப்படிப்பட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்குக் குளிசை கொடுக்கப்பட்டது. அதை விழுங்கும் விதம் கொடுக்கப்படவில்லை. ஆகவே அந்த விதத்தை முதலிற் சொல்லி விடுகின்றேன்.

டொக்சிசைக்கிளின் தொண்டைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உணவுக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அவ்விடத்தைப் புண்ணாக்கி விடும். ஆதலால் ஒரு மிடறு நீர் போதாது. ஒரு முழுக் குவளை நீர் வேண்டும். படுத்துக்கொண்டு விழுங்கக் கூடாது. விழுங்கிய பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரவு படுக்கைக்குப் போகும் தறுவாயில் விழுங்குவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழக்கம். எனக்குத் தெரிந்த வாலிபர் ஒருவர், குழி வேலை முடிந்து களைத்து வந்து, நீரில்லாமலே இரண்டு குளிசையையும் வாயிற் போட்டுக்கொண்டு சரிந்து விட்டார். மறுநாள் முதல் சோற்று உருண்டை இறங்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள்ளே கத்தி வைத்தாற் போல் இருந்ததாம். அக்குளிசை நஞ்சு என்று ஊர் முழுவதும் சொல்லி விட்டார். அவர் சொல்லை நம்பி அந்த லயத்தில் எத்தனை உறைகள் குப்பைக்குப் போயினவோ!

காலையிலோ மதியத்திலோ வயிறாரச் சாப்பிட்ட பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, நிறைந்த குவளை நீருடன் விழுங்கினால் பெரும்பாலானோருக்கு எரிவும் குமட்டலும் வெகுவாகக் குறைந்து விடும். அப்படியும் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதைப் பரிசோதகரிடம் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். சொன்னால் வைத்திய அதிகாரி வேறு வழி பார்ப்பார். ஒளித்தால் அவர் நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

இங்கே தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. விரத நாட்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கந்த சஷ்டி வருவதும் பெரும்போக மழை வருவதும் ஏறத்தாழ ஒரே காலத்தில். ஆறு நாளும் உபவாசமிருப்பவர் வெறும் வயிற்றில் இக்குளிசையை விழுங்கினால் வாந்தி வருவது நிச்சயம் என்றே சொல்லலாம். வாரத்துக்கு ஒரு முறை எடுக்கும் மருந்தாதலால் விரதமில்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். வெள்ளி விரதக்காரர் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் நோய் வந்து, நாள்தோறும் மூன்று வேளை மருந்து குடிக்க வேண்டிய நிலையில் விரதம் பிடிக்கலாமா என்று கேட்டால், அதை வைத்தியரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள் என்பதே என் விடை. நோயாளி விரதத்தைத் தளர்த்துவதை நம் பெரியோர் எக்காலத்திலும் குற்றமாகக் கொண்டதில்லை.

மரக்கறி உணவுக்காரருக்கு இன்னொரு சங்கடம் உண்டு. சில மருந்துகள் வழுவழுப்பான கூடுகளில், அதாவது கப்சூலில் வருகின்றன. அந்தக் கூடு பெரும்பாலும் ஜெலற்றினாற் செய்யப்படுவது. ஜெலற்றின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. இதை அறிந்த சிலர் கூட்டைப் பிரித்துத் தூளை மட்டும் நீரிற் கரைத்துக் குடிக்கிறார்கள். அது ஆபத்து. தூளாகச் சென்ற மருந்து தொண்டையைச் சுடலாம். வயிற்றிலே கெட்டும் போகலாம். கூச்சப்படாமல், “நான் சைவ உணவுக்காரன், குளிசையாகவோ பாணியாகவோ கிடைக்குமா?” என்று கேளுங்கள். அநேக மருந்துகள் அவ்வடிவிலும் உண்டு.

அடுத்தது தேத்தண்ணி. நம்மவருக்கு மருந்து விழுங்குவதென்றால் கையிலிருக்கும் பால் தேத்தண்ணிதான் துணை. டெட்ராசைக்கிளின் குடும்பத்து மருந்துகளைப் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமற் செய்யும். டொக்சிசைக்கிளினை அது சிறிதளவே தடுக்கின்றது என்றாலும், நீர் இருக்கப் பால் எதற்கு? இதைவிடப் பெரிய தடை இரும்புச் சத்துக் குளிசை. கிளினிக்கிலும் தோட்ட வைத்திய நிலையத்திலும் நம் பெண்களுக்கு இரத்தச் சோகைக்காக இரும்புக் குளிசை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இரண்டையும் ஒரே கையில் வைத்து ஒரே மிடறில் விழுங்கினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். வயிற்றெரிவுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணியும் அப்படியே. நடுவில் இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள்.

கருவுற்ற தாய்மாரும், தாம் கருவுற்றிருக்கலாமோ என்ற ஐயமுள்ளவர்களும் இம்மருந்தை எடுக்குமுன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வளரும் குழந்தையின் பல்லிலும் எலும்பிலும் இம்மருந்து படிந்து, பல் நிரந்தரமாக மஞ்சளாகவோ கபில நிறமாகவோ மாறலாம். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வைத்தியர் தாமே தீர்மானித்தாலொழியக் கொடுக்கலாகாது. தகப்பனுக்குக் கொடுத்த குளிசையில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை இன்றோடு விட்டு விடுங்கள்.

வெயிலும் கவனிக்கத் தக்கது. இம்மருந்து உட்கொண்ட சிலரின் தோல் வெயிலைத் தாங்காது. முகமும் கழுத்தும் புறங்கையும் சுட்டாற் போற் சிவக்கும். தொப்பியும் நீண்ட கைச் சட்டையும் போதுமான காப்பு. கடுந் தலைவலியுடன் கண் மங்கினால் அது வேறு விஷயம்; அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

குளிசை விழுங்கியவருக்கு எலிக்காய்ச்சல் வரவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரும் வாய்ப்பைக் குறைப்பதே அதன் வேலை. காய்ச்சலும் உடல் நோவும் கண் சிவப்பும் கண்டால் குளிசை குடித்தேனே என்று வீட்டிலிருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும் “சேற்றில் இறங்கினேன்” என்ற வார்த்தையை முதலிற் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் வைத்தியர் எந்த நோயைத் தேட வேண்டும் என்று அறிந்துகொள்வார்.

இம்மருந்துக் குலத்தின் பூர்வீகத்தில் நாம் பெருமைப்படத் தக்க செய்தி ஒன்றுண்டு. இக்குலத்தின் மூத்த மருந்தாகிய ஓரியோமைசின் 1948 இல் அமெரிக்காவில் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர் பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய தாவரவியலறிஞர். அவ்வாராய்ச்சிப் பகுதிக்குத் தலைமை தாங்கியவரோ, ஆந்திர தேசத்துப் பீமவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்த காரணத்தால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி உயர்ந்த பட்டத்தை இழந்தவர் அவர். அதே 1948 இல் காலமானார். அந்த வழியில் வந்த டொக்சிசைக்கிளின் 1967 இல் வழக்குக்கு வந்தது. நம் பரிசோதகர் கையில் தரும் குளிசைக்குப் பின்னால் இவ்வளவு வரலாறு இருக்கின்றது.

இனி, பொதுவாக அன்டிபயொட்டிக் என்று சொல்லப்படும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில், எது பக்க விளைவு, எது ஒவ்வாமை என்று பிரித்தறிய வேண்டும். அமொக்சிசிலின் குடித்து இரண்டு முறை வயிற்றால் போனால், “எனக்குப் பென்சிலின் ஆகாது” என்று ஒருவர் ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அது ஒவ்வாமை அன்று. மருந்து நோய்க் கிருமியைக் கொல்லும்போது குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களையும் கொல்கின்றது. அதனால் வயிறு குழம்புகின்றது. பென்சிலின் ஆகாது என்று சொல்பவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்த நாடுகளில், பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இல்லை என்றே கண்டிருக்கிறார்கள். வீணாக அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டவருக்கு, நல்ல மருந்து தேவைப்படும் நாளில் வைத்தியர் இரண்டாந்தர மருந்தையே கொடுக்க வேண்டி வரும்.

இலேசான வயிற்றுப் போக்குக்கு ஜீவனி கரைசலோ உப்பிட்ட கஞ்சியோ குடித்தால் போதும். தயிரும் நல்லது, ஆனால் மருந்தோடு சேர்த்தல்ல. நீராகப் பலமுறை போதல், இரத்தமோ சளியோ கலந்து போதல், காய்ச்சலும் வயிற்று நோவும் சேர்தல் ஆகியவை வேறு வகை. கடையிலே போக்கை நிறுத்தும் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்து விடாதீர்கள். மருந்து முடிந்து சில வாரங்கள் சென்ற பின்னும் இது வரக்கூடும். வாயில் வெண்படலமோ, பெண்களுக்கு மறைவிடத்தில் அரிப்போ கண்டால் வெட்கத்தால் மறைக்க வேண்டாம். அதற்கு எளிய மருந்து உண்டு.

உண்மையான ஒவ்வாமை எப்படியிருக்கும்? உடம்பெங்கும் தடிப்பும் அரிப்பும், உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குதல், குரல் கரகரத்தல், மூச்சு இழுத்தல், தலை சுற்றி மயங்குதல். மருந்து சென்ற சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ இவை தோன்றலாம். தோன்றினால் அடுத்த வேளை மருந்தைத் தொடக் கூடாது. நோயாளியை நடக்க விடாமற் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார வையுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி காசின்றி வரும். வண்டி ஏற முடியாத மலைத் தோட்டமானால் அது வரக்கூடிய சந்தி வரைக்கும் ஆளைத் தூக்கிக்கொண்டு போக நாலு வாலிபர் வேண்டும். தோலிற் கொப்புளம் எழும்பி, வாயும் கண்ணும் புண்ணாதல் மெதுவாக வரும் ஒவ்வாமை. அதுவும் உயிருக்கு ஆபத்தானதே.

2023 ஜூலை மாதத்திற் பேராதனை வைத்தியசாலையில் ஓர் இளம் பெண், செப்ட்ரியாக்சோன் என்னும் அன்டிபயொட்டிக் ஊசி ஏற்றப்பட்ட பின் உயிரிழந்த செய்தி நம்மையெல்லாம் கலங்கச் செய்தது. மருந்துகளின் தரத்தைப் பற்றி நாடெங்கும் கேள்விகள் எழுந்தன. எழ வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அதன்பின் ஊசி என்றாலே கையை இழுத்துக்கொள்வோர் சிலரைக் கண்டேன். இரத்தத்திற் கிருமி கலந்த நோயாளிக்கு ஊசி மருந்தை மறுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. மறுப்பதற்குப் பதிலாக, முன்பு எந்த மருந்துக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தாதியிடமும் வைத்தியரிடமும் கேட்கு முன்பே சொல்லுங்கள். உண்மையான ஒவ்வாமை உள்ளவர் அந்த மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் வைத்தியரைக் கொண்டு சிவப்பு மையால் எழுதுவித்துக்கொள்ள வேண்டும். “வெள்ளைக் குளிசை ஆகாது” என்றால் யாருக்கு என்ன விளங்கும்? எல்லாக் குளிசையும் வெள்ளைதான்.

வேறு சில மருந்துகளின் குணங்களை விரைவாகச் சொல்லிப் போகின்றேன். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையைத் தரும். அதனோடு சாராயமோ கசிப்போ சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம் என்று மருந்து நூல்கள் எச்சரிக்கின்றன. சிப்ரோபுளொக்சசின் எடுக்கும்போது குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் நோவெடுத்தால், கொழுந்துக் கூடையுடன் மலை ஏறுவதை உடனே நிறுத்தி வைத்தியரைக் காண வேண்டும்; தசைநாண் அறுந்து போவதும் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் குடிப்பவர்கள் எந்த அன்டிபயொட்டிக் எழுதப்பட்டாலும் அதை வாய் திறந்து சொல்ல வேண்டும்.

கசநோய்க்குக் கொடுக்கும் ரிபம்பிசினைச் சற்று நின்று சொல்ல வேண்டும். அதைக் குடித்தால் சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் செம்மஞ்சள் நிறமாகும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று பயந்து நோயாளி மருந்தை நிறுத்தி விடுகிறான். ஆறு மாதம் தொடர வேண்டிய சிகிச்சை. இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கசம் அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் வரும். நிறம் மாறுவது தீங்கற்றது. ஆனால் கண் மஞ்சளித்தல், பசியின்மை, ஓயாத வாந்தி ஆகியவை ஈரல் பாதிக்கப்படுவதன் அறிகுறிகள். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அன்றே போக வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவது ஓர் உயிர்ப் பிரச்சினை. கருத்தடைக் குளிசையின் பலனையும் ரிபம்பிசின் கெடுத்து விடும் என்பதைத் தாய்மார் அறிந்திருக்க வேண்டும்.

வேளை தவறினால் என்ன செய்வது? நினைவு வந்தவுடன் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கி விட்டதானால் தவறியதை விட்டு விடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. நாளுக்கு மூன்று என்றால் எட்டு மணிக்கு ஒன்று என்பதே கருத்து. விடியுமுன் ஒன்று, மதியம் ஒன்று, படுக்குமுன் ஒன்று என்று கொள்ளலாம். படுக்குமுன் என்றால், முன்பு சொன்ன அரை மணி நேரத்தை மறக்க வேண்டாம். சுகமாயிற்று என்று தாமாக நிறுத்துவதும் தவறு. இக்காலத்தில் சில நோய்களுக்கு வைத்தியர்களே முன்பைவிடக் குறைந்த நாட்கள் எழுதுகிறார்கள் என்பது உண்மை. நாளைக் குறைப்பதும் கூட்டுவதும் அவர்கள் கையில் இருக்கட்டும். 1941 இல் ஒக்ஸ்போர்ட்டில் பென்சிலின் சிகிச்சை பெற்ற பொலிஸ்காரர் அல்பர்ட் அலெக்சாண்டர் நான்கைந்து நாளிற் கண் விழித்துச் சாப்பிடத் தொடங்கினார். மருந்து தீர்ந்து போயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தை வடித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள், போதவில்லை. நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டு போயிற்று. அவருக்கு மருந்து கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தும் சலாகையிற் செருகுகிறோம்.

மருந்து உறையைப் பற்றி வாலிபர்களிடம் ஒரு வேண்டுகோள். உறையில் எழுதியிருப்பது பல வேளைகளில் நம் முதியோருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கின்றது; அல்லது எந்த மொழியிலும் வாசிக்க முடியாத கையெழுத்தில் இருக்கின்றது. சாளரத்தை விட்டு நகருமுன், “எத்தனை, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள்” என்று கேட்டு, உறையின் பின்புறத்திலே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். எழுதத் தெரியாத பாட்டிக்குச் சூரியனையும் சந்திரனையும் வரைந்து கொடுங்கள். இச்சங்கத்தில் நாற்பது வாலிபர் இருந்தால் நாற்பது லயங்களில் இந்தக் காரியம் நடக்கலாம்.

கடைசியாக, மிஞ்சிய மருந்து. போன வருடத்து மருந்தை இந்த வருடத்து இருமலுக்கு எடுக்க வேண்டாம். தடிமனும் சாதாரண இருமலும் வைரசினால் வருபவை. அன்டிபயொட்டிக் அவற்றைத் தொடவும் தொடாது. காலங்கடந்த டெட்ராசைக்கிளின் சிறுநீரகத்தைக் கெடுத்த சம்பவங்கள் 1960 களிலேயே வைத்திய ஏடுகளில் வந்திருக்கின்றன. அயல் வீட்டாருக்குத் தானம் செய்யும் பொருளும் இதுவன்று. ஓடையிலும் மலசலகூடத்திலும் கொட்டாமல் பாமசிக்காரரிடமோ வைத்தியசாலையிலோ கேட்டு ஒப்படையுங்கள்.

மழை இருட்டிக்கொண்டு வருகின்றது. இரத்தோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். மருந்து உறை கொண்டு வந்திருப்பவர்கள் மேசைக்கு அருகில் வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கின்றேன்.